எட்டுப் பேர் ரேகை வைத்த தாள்

நான் ஒரு கடிதத்தைக் கிழித்தேன். அது எனக்கு வந்த கடிதமன்று.

கிழித்தது என் குற்றத்தில் பாதிதான். கிழித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு, எழுதியும் கொடுக்காமல் இருந்தேனே... அது மறுபாதி. முதல் பாதிக்கு எங்கள் வழக்கத்தின் மேல் பழி போடலாம். மறுபாதிக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

இதை முழுதாக இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

என் பெயர் தனம். வயது நாற்பத்தேழு. அப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவருடைய பிடிவாதத்தால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். பிரெவே என்கிற பள்ளிப் பரீட்சையில் எழுத்தில் தேறினேன். வாய்மொழியில் இரண்டு தடவையும் தோற்றேன். கேள்வி புரிந்தது. பதிலும் தெரிந்தது. ஆனால் எதிரே மூன்று பேர் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. படிப்பு அத்தோடு முடிந்தது.

அப்படிப்பட்ட என்னைத்தான், பின்னாளில், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையில் நிறுத்தினார்கள். சிரிப்பாக இருக்கிறதல்லவா?

எண்பதுகளின் தொடக்கம். மூலக்குளத்தில் கைபம்பு பொருத்தவும் பழுது பார்க்கவும் சொல்லித்தரும் பட்டறை ஒன்று இருந்தது. நான் அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷர், போல்ட், கப்ளிங் இவற்றோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவை நம்மைப் பார்ப்பதில்லை. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து ஆறு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், பிரெஞ்சு தவிர வேறு எதுவும் தெரியாது, நீதான் பேச வேண்டும் என்றார். முடியாது என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே. அதுவும் என்னிடம் இல்லை.

அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடு. நாலைந்து வருடம் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு, அப்போதுதான் ஓய்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு ஒரு கரையில் மாடு மேய்ப்பவர்கள், மறுகரையில் உழவர்கள். கோடையில் கிணறு யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை, பிறகு துப்பாக்கிகள் வந்து சேர, போராகவே ஆகிவிட்டது. சமாதானம் பேசியபோது ஒரு யோசனை சொன்னார்களாம். எல்லை ஊர்களில் பொதுவாகப் பம்பு வைப்பது. ஒவ்வொரு பம்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்வது. ஒருவர் இந்தக் கரை, ஒருவர் அந்தக் கரை. பம்பும் பயிற்சியும் நம் நாடு தந்தது. கப்பல் செலவையும் விமானச் செலவையும் அவர்களுக்குப் பக்கத்து நாடு பார்த்துக்கொண்டது. அதுவும் நம்மைப் போலக் கஷ்டப்படுகிற நாடுதான்.

"துப்பாக்கி குடுத்தவன் பணக்காரன். பம்பு குடுக்கறவன் நம்பள மாதிரி இல்லாதவன். பாத்துக்க" என்பார் கந்தசாமி மேஸ்திரி. அவர்தான் பயிற்சி கொடுத்தவர். உழவர்கரையில் பிறந்தவர், முன்பு மில்லில் ஃபிட்டர். உரக்கப் பேசுவார், உரக்கத் திட்டுவார்.

வந்த ஆறு பேரில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் உங்களுக்குச் சொன்னால் போதும்.

இஸா, மாடு மேய்க்கும் கரைக்காரன். நெடுநெடுவென்று உயரம். பிரெஞ்சு பேசுவான், எழுதப் படிக்கத் தெரியாது. மார்செல், உழவர் கரைக்காரன். குள்ளம், பள்ளியில் படித்தவன், எதையும் நோட்டில் எழுதிக்கொள்வான். இருவரும் ஒரே பம்புக்குச் சோடி. மார்செலின் ஊரில் பொதுக்கிணறு இருந்தது. இஸாவின் ஆட்கள் கோடையில் ஆற்றைக் கடந்து அங்கேதான் மாடுகளோடு வருவார்கள். அந்தக் கிணற்றை மூடி அங்கே பம்பு வைக்க வேண்டும்.

வந்த முதல் நாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. வெயிலில் நின்றான் இஸா.

அவர்களை நெருக்கியது ஒரு தொப்பி. நம் ஊர்ப் போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக்காரன் காலத்துச் சிவப்புத் தொப்பியோடு சைக்கிளில் போனார். இஸா சட்டென்று மார்செலின் பின்னால் ஒதுங்கினான். அவர்கள் ஊர்ப் போலீசுக்கும் ஒரு காலத்தில் அதே தொப்பியாம். மார்செல் முதலில் விழித்தான், பிறகு சிரித்தான். "ஒரே தையல்காரன், மதாம். உங்களுக்கும் எங்களுக்கும் அவனே அளவெடுத்திருக்கிறான்" என்றான். நான் மேஸ்திரியிடம் சொன்னேன். மேஸ்திரி, "போறப்ப தொப்பிய இங்கயே வுட்டுட்டுப் போயிட்டான். அங்க துப்பாக்கிய வுட்டுட்டுப் போயிருக்கான்" என்றார். அதையும் சொன்னேன். இஸா முதல் தடவையாகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

பம்பு இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஒரு பைப்பை இறக்கி, மேல்முனையைக் கிளாம்பால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடுத்த பைப்பை அதன் மேல் நிறுத்தி மரை சுற்ற வேண்டும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பைப்பு. கிளாம்பு பிடிப்பவன் கை ஒரு நொடி தளர்ந்தால் அத்தனையும் பாதாளத்துக்குப் போய்விடும். சுற்றுகிறவன் விரலும் போகலாம். ஒருவன் மேல் ஒருவனுக்கு நம்பிக்கை இல்லாமல் அந்த வேலை ஆகாது. இஸா கிளாம்பு பிடித்தான். மார்செல் சுற்றினான்.

மேஸ்திரி ஒருநாள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "ஏம்மா தனம், இத நல்லா சொல்லு அவுங்களுக்கு. பம்பு வெக்கிறது பெருசு இல்ல. கைப்பிடி யாரு பக்கம் பாத்து நிக்கிதுன்னு பாக்கணும். எங்க ஊர்ல ஊருக்கும் காலனிக்கும் நடுவுல ஒரு பம்பு வெச்சாங்க. கைப்பிடி ஊரப் பாத்து இருந்துச்சு. காலனிப் பொம்பளைங்க சுத்திக்கினு வந்து அடிக்கணும். ஆறு மாசம் சண்ட. நான்தான் போயி போல்ட்டக் கழட்டி, தலைய ரோட்டப் பாத்துத் திருப்பி வெச்சேன். யாரு பக்கமும் இல்ல. அப்புறம் சண்ட இல்ல."

நான் சொன்னேன். ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மார்செல் நோட்டில் எழுதிக்கொண்டான். இஸா ஒன்று சொன்னான்: "எங்களிடம் முதல் தண்ணீர் கன்றுக்கு. மனிதன் தாகத்தைச் சொல்லுவான், கன்று சொல்லாது. கன்று குடிக்க ஒரு தொட்டியைக் கைப்பிடிக்கு முன்னால் கட்ட வேண்டும் என்று முசேவிடம் சொல்லுங்கள்." முசே என்றது மேஸ்திரியை. அவர் யோசித்துவிட்டு, "இத நாம யாரும் யோசிக்கலியே" என்றார். அடுத்த வாரமே சிமெண்டில் ஒரு தொட்டி கட்டிப் பார்த்தார்கள்.

படித்த பெரிய நாட்டு நிபுணர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. சண்டை போட்டுத் தண்ணீர் குடித்தவனுக்குத்தான் சண்டை வராமல் பம்பு வைக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டறையில் அது நடந்தது. நான் நடுவில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கெடுத்தேன்.

மேஸ்திரி திட்டுவதை மட்டும் நான் முழுதாகச் சொல்வதில்லை. "கழுத மாதிரி புடிக்கிறான் பாரு" என்பார். "கொஞ்சம் உறுதியாகப் பிடிக்கச் சொல்கிறார்" என்பேன். அவர் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். "மதாம், எத்தனை கரண்டி சர்க்கரை போட்டீர்கள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கூச்சத்தால் செய்தது. அன்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இஸாவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அவன் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவேன். அவன் ஊர் வாத்தியார்தான் அங்கிருந்து எழுதுபவர். இப்படி அவன் அம்மாவை எனக்குத் தெரியும். அவள் பால் கறக்கும் சுரைக்குடுக்கையைத் தெரியும். தம்பி ஆதமா எந்தக் கன்றுக்கு என்ன பெயர் வைத்தான் என்பதும் தெரியும்.

அவர்கள் ஊர் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. மறுநாள் கதிர்காமத்தில் ஒரு புதுக் குடியிருப்பில் இஸாவும் மார்செலும் தனியாகப் பம்பு இறக்கிக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. அதிகாரிகள் வருவார்கள். முதல் தண்ணீருக்குச் சின்னப் பூசை. இருவரில் ஒருவர் தேறாவிட்டாலும் சோடி உடையும். அந்த ஊருக்கு வேறு ஆள் வரும்வரை பம்பு கிடையாது. அந்தப் பூசைச் சாமான்கள், மாலை, தேங்காய், மஞ்சள், எல்லாம் ஸ்டோரில் என் மேசை மேல்தான் இருந்தன.

மத்தியானம் தபால் வந்தது. இஸாவுக்கு ஒன்று. அவன் சாப்பிடப் போயிருந்தான். அவன் கடிதங்களைப் பிரித்துவைக்க எனக்கு அனுமதி உண்டு. பிரித்தேன்.

ஆதமா இறந்துவிட்டான்.

மார்செலின் ஊர்க் கிணற்றில். விடிகாலையில் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறான். பழைய கிணறு, சுற்றுச்சுவர் இடிந்து அவனோடு உள்ளே விழுந்திருக்கிறது. யாரும் அவனைத் தொடவில்லை என்று எழுதியிருந்தது. மார்செலின் அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி உடலை எடுத்திருக்கிறார். கழுவி, தன் வேட்டியால் சுற்றி, தோளில் போட்டு ஆற்றைக் கடந்து இஸாவின் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். போருக்குப் பிறகு அந்தக் கரையிலிருந்து ஒருவர் இந்தக் கரைக்குக் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா தன் சுரைக்குடுக்கையில் அவருக்குப் பால் கொடுத்தாள். அவர் குடித்தார்.

"இந்தச் செய்தி உனக்கு வேறு விதமாக வரும். அதை நம்பாதே. இந்தக் கரையில் நாலு பேர், அந்தக் கரையில் நாலு பேர், எட்டுப் பேரும் இதன் கீழே கட்டைவிரல் வைத்திருக்கிறோம். மார்செலின் தந்தை முதலில் வைத்தார். இந்தத் தாளை உன் கையில் கொண்டு வா. நீயும் மார்செலும் கிணற்றடியில் நின்று எல்லார் முன்னாலும் படிக்க வைக்க வேண்டும்."

கீழே நீல மையில் எட்டு ரேகைகள். பெயர் எதுவும் இல்லை.

இந்தக் கடைசி வரிகளையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் கிழித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் சாவைச் சொல்லும் தாளை யாரும் வைத்திருப்பதில்லை. கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். செய்தி மனதில் இருக்கும். தாள் இருக்கக் கூடாது. சிறுபிள்ளையிலிருந்து பார்த்த பழக்கம். எதிரே மாலையும் மஞ்சளும் தேங்காயும் இருந்தன. நல்ல காரியத்துக்கு வைத்த சாமான்கள். அவற்றின் பக்கத்தில் அந்தத் தாள். என் கைகள் என்னைக் கேட்கவில்லை. இரண்டாக, நாலாக, எட்டாக... பிறகு எண்ணெய்ப் பஞ்சு எரிக்கும் குழியில் போட்டேன். சாயங்காலம் வழக்கம்போல மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

இஸாவிடம் மறைக்க நான் நினைக்கவே இல்லை. நம்புங்கள். நல்ல காரியம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நாமெல்லாரும் அப்படித்தானே செய்கிறோம்? கல்யாண வீட்டில் சாவுச் செய்தியைத் தாலி கட்டும்வரை அமுக்கி வைப்பதில்லையா? அதோடு நாளை அவன் கிளாம்பு பிடிக்க வேண்டியவன். தம்பி செத்த துக்கத்தில் கை தளர்ந்தால் என்னாவது? வார்த்தைகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். தாள் எதற்கு?

தாள்தான் வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் பம்பு அருமையாக இறங்கியது. பன்னிரண்டு பைப்பு. இஸா கிளாம்பை விடவே இல்லை. மேஸ்திரி, "பசங்களா, நீங்க தேறிட்டீங்கடா" என்று இருவர் முதுகிலும் தட்டினார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி பேசினார். ஒருவரை ஒருவர் தாங்கும் ஏழை நாடுகள் என்றார். முதல் தண்ணீரை இஸா கையில் ஏந்தி மார்செலின் கையில் ஊற்றினான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். நாளை காலை என்று வைத்தேன்.

காலையில் நான் போவதற்குள் மேனேஜர் அறைக்குப் போன் வந்துவிட்டது. டில்லியில் படித்துக்கொண்டிருந்த அவன் கரைக்காரன் ஒருவன் கூப்பிட்டிருந்தான். உன் தம்பியை மார்செல் ஊர்க்காரர்கள் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். கடிதம் எச்சரித்த அந்த "வேறு விதம்" அதுதான்.

நான் உள்ளே நுழைந்தபோது இஸா போனை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். மேனேஜர், மேஸ்திரி, மற்ற ஐந்து பேர் எல்லாரும் இருந்தார்கள். இஸா என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டான்.

"மதாம், வீட்டிலிருந்து எனக்கு ஏதாவது கடிதம் வந்ததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மூன்று பேர் பார்த்ததைப் போல.

"இல்லை" என்றேன்.

ஒரே ஒரு சொல். பயந்தேன் என்று சொல்லட்டுமா? வேலை தற்காலிகம், அம்மாவுக்கு இழுப்பு, மருந்துக்கு என் சம்பளம்தான். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நொடியில் இவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அத்தனை கண்களும் என்மேல் இருப்பது நிற்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இல்லை என்றதும் கண்கள் நகர்ந்தன. அதற்காகத்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து இஸா மார்செலோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்ச் சாப்பிட்டான். மார்செல் பின்னாலேயே போய், "என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, ஏதோ தப்பு" என்று கெஞ்சினான். போனில் வந்ததை நான் மேஸ்திரிக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இன்னாம்மா ஆச்சு இவனுங்களுக்கு? நேத்துதான் ஒருத்தன் கையில ஒருத்தன் தண்ணி குடிச்சானுங்க" என்றார்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், என்னால் தாங்க முடியவில்லை. பட்டறைக்குப் பின்னால் இஸா தனியாக உட்கார்ந்திருந்தான். மார்செல் கொஞ்சம் தள்ளி நின்றான். போய்ச் சொல்லிவிட்டேன். கடிதம் வந்தது, நான் கிழித்தேன், அதில் இன்னின்னது இருந்தது என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

இஸா முழுவதும் கேட்டான்.

"எட்டு விரல் வைத்த தாளைக் கிழித்தீர்களா?"

"எங்கள் ஊரில் சாவுத் தாளை வைத்துக்கொள்ள மாட்டோம்."

"தம்பி சாவை எழுதிய தாளை யாராவது கிழிப்பார்களா, மதாம்? அவனைப் பற்றி நம் கைக்கு வரும் கடைசிப் பொருள் அதுதானே. நாங்கள் கூரையில் செருகி வைப்போம்."

"உன் அம்மா அவருக்குச் சுரைக்குடுக்கையில் பால் கொடுத்தாள். நான் படித்தேன், இஸா."

"அந்தக் குடுக்கையைப் பற்றி உங்களுக்கு நான்தானே சொன்னேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "முசே எங்களைத் திட்டினால்கூட நீங்கள் இனிப்பாக்கிச் சொல்வீர்கள். உங்களுக்கு நல்ல மனது. நாங்கள் சண்டையோடு ஊர் போகக் கூடாது என்று உங்களுக்கு ஆசை. அதனால் எனக்கு ஒரு நல்ல கதை கட்டியிருக்கிறீர்கள்."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். என்னை நல்லவள் என்றான்.

மார்செல் என்னைத் தனியே கூப்பிட்டான். அவன் என்னை நம்பினான். "மதாம், இதை எழுதிக் கொடுங்கள். கடிதம் வந்த தேதி, அதில் இருந்தது, நீங்கள் கிழித்தது, எல்லாம். கீழே உங்கள் கையெழுத்து. பட்டறையின் முத்திரை. முத்திரை வைத்த தாளை எங்கள் பெரியவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். வாய்ப்பேச்சை எடுக்க மாட்டார்கள். இஸா நம்பாவிட்டாலும் அவன் ஊர் நம்பும்."

"நாளைக்குக் காலையில் தருகிறேன்" என்றேன்.

முத்திரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். தேதி எழுதினேன். கடிதம் வந்தது என்று எழுதினேன். அடுத்தது, "நான் அதைக் கிழித்தேன்." அந்த இடத்தில் பேனா நின்றது. இது தாள். இது போய்க்கொண்டே இருக்கும். மேனேஜர் கைக்கு வரும், டில்லிக்குப் போகும். வெளிநாட்டுக்காரன் தபாலைக் கிழித்தவள், கேட்டபோது இல்லையென்று பொய் சொன்னவள் என்று யார் யாரோ என் பெயரைப் படிப்பார்கள். எட்டுப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மை தடவித் தங்கள் விரலைத் தைரியமாக வைத்தார்கள். எனக்கு அழகான கையெழுத்து உண்டு. வைக்க முடியவில்லை.

மறுநாள் தலைவலி என்று சொல்லி லீவு போட்டேன். வீட்டில் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி வேனில் அவர்கள் சென்னைக்குப் போனார்கள்.

அடுத்த நாள் மேஸ்திரி சொன்னார்: "அந்தக் குள்ளன் உன்னத்தாம்மா கேட்டுக்கினே இருந்தான். தனம், தனம்னு. வேன் கெளம்பற வரிக்கும் வாசலப் பாத்துக்கினே நின்னான். கைய நீட்டி நீட்டிக் காட்டனான். ஏதோ குடுக்கறன்னியா?"

"ஒன்றுமில்லை, மேஸ்திரி. ஒரு போட்டோ" என்றேன். அதுவும் பொய்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போனால் அம்மாவே சொல்லுவாள். அந்த எட்டுப் பேரும் சொல்லுவார்கள். என் தாள் எதற்கு? இப்படி இரண்டு வருடம் எனக்கு நானே சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

பிறகு அதே நாட்டிலிருந்து இன்னொரு குழு வந்தது. அதில் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல், அந்த ஆற்றங்கரைப் பம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இரண்டு பம்பு இருக்கிறது மதாம்" என்றார். "கரைக்கு ஒன்று. அவரவர் தண்ணீரை அவரவர் குடிக்கிறார்கள். ஒருவர் கரைக்கு ஒருவர் போவதில்லை."

"சண்டை?"

"சண்டை இல்லை. பேச்சும் இல்லை."

இஸா ஊரில் தங்கவில்லையாம். மாடுகளோடு வடக்கே போய்விட்டானாம். அவன் கரையில் நாலு பேர் விரல் வைத்தார்களே, அவர்கள் சொல்லவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே அவர் சொன்னார். சொன்னார்களாம். ஆனால் அந்தத் தாள் தனக்கு வரவே இல்லை, பட்டறையில் கேட்டேன், இல்லை என்றார்கள் என்று சபையில் இஸா சொன்னானாம். தாளைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பு மார்செலின் அப்பாவிடம் கொடுக்கப்பட்டிருந்தது. பட்டணம் வரை நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தேன் என்று அவர் சொல்லியிருந்தார். தாள் போய்ச் சேரவில்லை என்றால் அவர் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்றால் ஏன்? ஏதோ மறைக்கிறார். மார்செல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தானாம், வாய்ப்பேச்சை யாரும் எடுக்கவில்லையாம். விரல் வைத்த நாலு பேரும் பிறகு வாய் மூடிக்கொண்டார்களாம்.

"அங்கே சத்தியத் தாளைத் தொலைத்தவர் ஊர்க்கூட்டத்தில் உட்கார முடியாது" என்றார் அவர். "அந்தக் கிழவர் இப்போது கூட்டம் நடக்கும் மரத்தடிப் பக்கமே வருவதில்லை. நல்ல மனிதர் என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள்."

நான் வாஷர்களை எண்ணிக்கொண்டே கேட்டேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணினேன்.

கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவர். பகைவன் பிள்ளையைத் தோளில் சுமந்தவர். அவர் பொய்யர். மூலக்குளத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில் தாளைக் கிழித்த நான் நல்ல மனதுக்காரி!

சண்டைதான் இல்லையே என்று சில நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். இரண்டு பம்பு இருந்தால் வசதிதானே. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அந்த அம்மா கொடுத்த பாலை அவர் குடித்தபோது அங்கே ஒன்று தொடங்கியது. எந்த நாடும், எந்த அதிகாரியும், நாங்களும்கூட அதைச் செய்யவில்லை. அவர்களே செய்தார்கள். அதை அத்தனை தூரம் கடல் தாண்டி என்னிடம் அனுப்பினார்கள், ஒரு ஆளிடம் கொடுத்துவிடு என்று. அவ்வளவுதான் என் வேலை. கையில் வாங்கிக் கையில் கொடுப்பது.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போன வருடம் பட்டறையில் ஒரு விழா எடுத்து, வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்குத் தாய் போன்றவர் என்று சால்வை போட்டார்கள். மேடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்துகொண்டேன். அடக்கம் என்றார்கள்.

இப்போது உங்கள் கேள்வி என்ன என்று தெரியும். இங்கே இவ்வளவு எழுதுகிறவள் அங்கே எழுதலாமே என்பதுதானே? எழுதலாம். நாலு தடவை எழுதியும் இருக்கிறேன். கையெழுத்து வரை வந்து நின்றிருக்கிறேன். அந்தப் பெரியவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்றும் தெரியவில்லை. போய்விட்டிருந்தால் யாருக்கு அனுப்புவது என்று கேட்டுக்கொள்வேன். போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளவும் சில நாள் மனம் விரும்புகிறது. பாருங்கள், எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

இஸா சொல்லச் சொல்ல எழுதிய பதில்களுக்காக அன்று பதினொரு உறைகளில் அவன் ஊர் முகவரியை எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் பார்க்காமலே எழுதுவேன்.